கிட்டங்கி மாதிரி ஒரு பட்டறை: மேக்கர்ஸ்பேஸ் என்றால் என்ன?

மாடித் தொட்டி நிரம்பி, தண்ணீர் சன்ஷேடில் விழுந்து, முற்றத்தில் கொட்டுகிற சத்தம். அடுத்த நொடியே உள்ளே இருந்து ஒரு குரல்: "யாருடா மோட்டாரைப் போட்டுட்டு மறந்தது?" காரைக்குடிப் பக்கம் எந்தத் தெருவில் நின்றாலும் வாரத்துக்கு ஒருமுறையாவது இது காதில் விழும்.

போன வருடம் எங்கள் ஊரில் ஆறு பிள்ளைகள் சேர்ந்து இதற்கு ஒரு கருவி செய்தார்கள். பாலிடெக்னிக் படிக்கிற இரண்டு பேர், இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற ஒருவன், பிளஸ் டூ படிக்கிற மூன்று பெண்கள். ஒரு பெரிய வீட்டின் பின்கட்டை ஒட்டிச் சும்மா கிடந்த கார் கொட்டகைதான் அவர்களுக்கு இடம். கருவி இரண்டு மாதம் நன்றாக வேலை செய்தது. அப்புறம் படுத்துவிட்டது. ஏன் படுத்தது என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். என்னைக் கேட்டால் மொத்தக் கதையிலும் அதுதான் ருசியான இடம். அந்தக் கொட்டகையைப் பிள்ளைகள் 'இளைஞர்கள் நடத்தும் மேக்கர்ஸ்பேஸ்' என்கிறார்கள். தெருக்காரர்கள் 'பசங்க பட்டறை' என்கிறார்கள். எனக்கு இரண்டாவது பெயர்தான் பிடித்திருக்கிறது.

மேக்கர்ஸ்பேஸ் என்பது பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. தனி ஒருவர் வாங்கி வைத்துக்கொள்ள முடியாத கருவிகளைப் பொதுவில் வைத்து, ஆர்வமுள்ளவர்கள் வந்து தங்களுக்குத் தோன்றியதைச் செய்து பார்க்கிற இடம். பாடத்திட்டம் கிடையாது, பரீட்சை கிடையாது. வருகிறவர் ஒரு பிரச்சினையோடு வருகிறார்: ஓடாத டேபிள் ஃபேன், நிரம்பி வழியும் தொட்டி, தங்கச்சியின் உடைந்த பொம்மைக் கார். அதைச் சரிசெய்யப் போகிறபோது வேண்டிய அறிவியல் தானாக உள்ளே வருகிறது.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு சொல் போதும்: கிட்டங்கி. ரங்கூன் மொகல் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் நம் ஊர்க்காரர்கள் வட்டித்தொழில் நடத்திய இடம். நீளமான ஒரே கூடம். ஒவ்வொருவருக்கும் தரையில் ஓர் இடம், ஒரு மேசைப்பெட்டி, சாமான் வைக்க ஓர் அலமாரி. தொழில் தனித்தனி, கூடமும் சமையலும் பொது. ஊரிலிருந்து கப்பலேறி வந்த பெட்டியடிப் பையன் அங்கே எடுபிடி வேலை செய்துகொண்டே சிட்டை எழுதக் கற்றான், பேரேடு பார்க்கக் கற்றான். யாரும் அவனை உட்காரவைத்துக் கரும்பலகையில் வட்டிக்கணக்குப் போட்டுக் காட்டவில்லை. பக்கத்து மேசைக்காரர் செய்வதைப் பார்த்தான், தப்பாக எழுதினான், திட்டு வாங்கினான், திருத்தினான். மேக்கர்ஸ்பேஸில் நடப்பதும் இதேதான், மேசையில் பேரேட்டுக்குப் பதில் மின்சாரம் அளக்கிற மல்டிமீட்டர் இருக்கிறது. உவமையை இதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கிட்டங்கியில் ஒரே சமூகத்து ஆண்கள் மட்டும்தான் இருந்தார்கள். அந்த வழக்கம் பட்டறைக்குள் வந்துவிடக் கூடாது.

என் அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அங்கேயும் நான் நிறையக் கற்றேன். ஆனால் அது மேக்கர்ஸ்பேஸ் ஆகாது. காரணம், அங்கே எதையும் கெடுக்க முடியாது. செம்புக் கம்பி கிலோ என்ன விலை! சுற்று எண்ணிக்கையில் ஒன்று தப்பினால் வாடிக்கையாளர் மோட்டார் புகைந்துவிடும், கடையின் பெயரும் கூடவே. கடையில் தப்பு என்றால் நஷ்டம். பட்டறையில் தப்புச் செய்ய இடம் உண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான், கருவிகளில் இல்லை.

எங்கிருந்து வந்தது?

பெர்லினில் கணினி ஆர்வலர்கள் 1995இல் தொடங்கிய சி-பேஸ் என்ற இடத்தை இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நீல் கெர்ஷன்ஃபெல்ட் என்ற பேராசிரியர் 1998இல், ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி என்று ஒரு வகுப்பு நடத்தினார். பொறியியல் ஆராய்ச்சி மாணவர்களுக்கென்று வைத்த வகுப்புக்குக் கலை படிக்கிறவர்களும் கட்டடக்கலை படிக்கிறவர்களும் வந்து குவிந்தார்கள். அதிலிருந்து முளைத்ததுதான் 'ஃபேப் லேப்' என்ற ஏற்பாடு: கணினி சொல்கிறபடி வெட்டி, இழைத்துத் தரும் இயந்திரங்களைப் பொதுவில் வைத்த பட்டறை. எம்ஐடிக்கு வெளியே முதன்முதலாக அமைந்த ஃபேப் லேப்களில் ஒன்று நம் நாட்டில், அதுவும் ஒரு கிராமத்தில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. புனே அருகே பாபல் என்ற ஊரில் இருக்கும் விஞ்ஞான் ஆசிரமத்தில் 2002இல் அது வந்தது. அந்த ஆசிரமத்தை டாக்டர் எஸ். எஸ். கல்பாக் 1983இலேயே தொடங்கியிருந்தார். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் வெல்டிங், விவசாயம், கட்டட வேலை என்று கையால் செய்து கற்கிற இடம். இயந்திரம் பின்னால்தான் வந்தது. அதற்கு ஏறக்குறைய இருபது வருடத்துக்கு முன்பே அங்கே வேலை நடந்துகொண்டிருந்தது.

இயந்திரங்கள் மலிவானது தனிக்கதை. 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் மாணவர்களுக்காக ஆர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையைச் செய்து, அதன் வரைபடத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர், தன் பாகங்களைத் தானே அச்சடித்துக்கொள்ளும் 3டி பிரிண்டர் ஒன்றைச் செய்யும் திட்டத்தைத் தொடங்கினார். பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காக இழைக்கும் முறைக்கு இருந்த முக்கியக் காப்புரிமை 2009இல் காலாவதியானது. அப்புறம் விலை மளமளவென்று இறங்கியது. ஒரு காலத்தில் பெரிய தொழிற்சாலை மட்டும் வைத்திருந்த சாமான், இன்று ஒரு நல்ல செல்போன் விலைக்குக் கிடைக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு வேறொரு வேரும் உண்டு. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதன் துளிர் இல்லங்கள் என்ற சிறுவர் அறிவியல் மன்றங்களும் சல்லிக்காசு செலவில்லாமல் அறிவியலைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. பொம்மை வழியே அறிவியல் சொல்லும் அரவிந்த் குப்தா வடக்கே தீக்குச்சியையும் சைக்கிள் வால் டியூப்பையும் வைத்து வடிவியல் சொல்லிக்கொடுத்தார். வால் டியூப் துண்டில் இரண்டு பக்கமும் தீக்குச்சியைச் செருகினால் ஒரு மூட்டு. மூன்று மூட்டில் முக்கோணம், நான்கில் சதுரம். அழுத்திப் பாருங்கள்: சதுரம் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. பாலத்திலும் செல்போன் கோபுரத்திலும் ஏன் எங்கு பார்த்தாலும் முக்கோணம் என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விரல் நுனியில் புரிந்துவிடும். மேக்கர்ஸ்பேஸ் என்றதும் 3டி பிரிண்டர்தான் என்று நினைக்கிறவர்களிடம் நான் இந்தத் தீக்குச்சியைத்தான் காட்டுவேன்.

தொட்டிக் கருவி

சரி, தண்ணீருக்கு வருவோம். பிள்ளைகள் செய்தது மிக எளிய சுற்று. தொட்டிக்குள் ஐந்து செம்புக் கம்பிகள். ஒன்று அடிமட்டம் வரை போகிறது. அது மின்சாரத்தின் நேர்முனை. மற்ற நான்கும் கால், அரை, முக்கால், முழு உயரங்களில் நிற்கின்றன. நம் போர்வெல் தண்ணீரில் உப்புகள் கரைந்திருப்பதால் அது கொஞ்சம் மின்சாரத்தைக் கடத்தும். தண்ணீர் ஏற ஏற, அடிக் கம்பிக்கும் மேல் கம்பிகளுக்கும் இடையே ஒவ்வொன்றாகப் பாதை திறக்கும்.

ஆனால் அந்த மின்சாரம் ரொம்பக் கம்மி. எல்இடியை எரிக்கவே போதாது. அங்கேதான் டிரான்சிஸ்டர் வருகிறது. கண்மாய் மடையை நினைத்துக்கொள்ளுங்கள். மடையைத் திருகுகிறவர் போடுவது ஒரு கை பலம்தான். பாய்கிற தண்ணீரோ ஒரு வயக்காட்டுக்கே போதும். டிரான்சிஸ்டரும் ஒரு மடைதான். அதன் 'பேஸ்' காலில் துளி மின்சாரம் நுழைந்தால், மற்ற இரண்டு கால்களுக்கு இடையே அதைப் போல நூறு மடங்குக்கு மேல் பாயவிடும். பிசி 547 என்ற டிரான்சிஸ்டர் சில ரூபாய்தான். கால், அரை, முக்காலுக்குத் தலா ஒரு எல்இடி, முழுக் கம்பிக்கு ஒரு பஸ்ஸர். தொட்டி நிரம்பினால் வீடே எழுந்துவிடும்.

முதலில் 9 வோல்ட் பேட்டரி போட்டார்கள். ஒரே நாளில் தீர்ந்துபோனது. "டூப்ளிகேட் பேட்டரிண்ணே" என்றான் பாலிடெக்னிக் பையன். பேட்டரி நல்ல பேட்டரிதான், கணக்குத்தான் போடவில்லை. மூன்று எல்இடி, தலா 10 மில்லி ஆம்பியர், ஆக 30. சாதாரண 9 வோல்ட் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 500 மில்லி ஆம்பியர்-மணி. வகுத்தால் பதினாறு, பதினேழு மணி நேரம். சாயங்காலம் மாட்டினால் மறுநாள் காலை இட்லி நேரத்துக்குக் காலி. அடாப்டருக்கு மாறினார்கள்.

இரண்டு மாதம் கழித்து எல்லா விளக்கும் அணைந்துவிட்டது. தொட்டியில் ஏறிக் கம்பிகளை வெளியே இழுத்தார்கள். அடிக் கம்பி பச்சை பூத்து, நடுவில் நூலாக மெலிந்து, கையில் எடுத்ததும் முறிந்தது. மற்ற நான்கிலும் பச்சையே இல்லை. அதற்குப் பதில் வெள்ளையாகக் காரை படிந்திருந்தது. ஒரே தொட்டி, ஒரே தண்ணீர், ஒரே கட்டில் வெட்டிய கம்பி. ஒன்று கரைகிறது, நான்கு தடிக்கின்றன.

கொட்டகையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பிளஸ் டூ பெண்களில் ஒருத்தி, "இது எலக்ட்ரோலிசிஸ் தானே?" என்றாள். ஆமாம், அதேதான். நேர்முனையில் இருக்கும் செம்பு எலக்ட்ரானை விட்டுவிட்டு அயனியாகித் தண்ணீரில் இறங்கிவிடுகிறது. எதிர்முனைக் கம்பிகளைச் சுற்றித் தண்ணீர் காரத்தன்மை அடைகிறது. நம் கடினநீரில் இருக்கும் கால்சியம் அங்கே சுண்ணாம்பாகப் படிந்துவிடுகிறது. வென்னீர்ப் பானையின் அடியில் படிகிற அதே வெள்ளை. எவ்வளவு மின்சாரம் ஓடினால் எவ்வளவு உலோகம் கரையும் என்று சொல்கிற ஃபாரடே விதி, இரசாயனப் புத்தகத்தில் அவர்கள் மனப்பாடம் செய்த சங்கதி இப்போது உள்ளங்கையில் முறிந்து கிடந்தது.

கணக்கையும் போட்டுப் பார்த்தார்கள். ஒரு மில்லி ஆம்பியர் நாள் முழுக்க ஓடினால் மொத்த மின்னூட்டம் 86.4 கூலும். செம்பின் அணு எடை 63.5, ஓர் அயனிக்கு இரண்டு எலக்ட்ரான். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 28 மில்லிகிராம் செம்பு போய்விடும். அரை மில்லிமீட்டர் தடிப்பில் பத்து சென்டிமீட்டர் கம்பியின் மொத்த எடையே 176 மில்லிகிராம்தான். அப்படியானால் ஒரு வாரம்கூடத் தாங்காது! அவர்கள் கம்பியில் ஓடியது அதைவிடக் கம்மியான மின்சாரம், அதனால் இரண்டு மாதம் இழுத்திருக்கிறது. எவ்வளவு கம்மி என்று கம்பி முறிந்த தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டாள் அந்தப் பெண். பரீட்சையில் யாரும் கேட்காத கேள்வியை அவளே கேட்டு அவளே விடை எழுதினாள்.

கூடவே இன்னொரு கேள்வியும் வந்தது, கருவி மாட்டியிருந்த வீட்டுக்காரம்மாவிடமிருந்து: "அப்ப இவ்வளவு நாள் அந்தச் செம்பையா நாங்க குடிச்சோம்?" கேட்க வேண்டிய கேள்விதான். குடிதண்ணீர் தொட்டியில் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று யோசிக்காமல் கம்பியை இறக்கியது தப்பு என்று பிள்ளைகள் ஒத்துக்கொண்டார்கள்.

இதில் ஊர்ப்பெருமை ஒன்றும் இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தப் பிள்ளைகள் நின்ற கொட்டகையிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறது 'செக்ரி' என்று நாம் கூப்பிடும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தது. உலோகம் ஏன் அரிக்கிறது, எப்படித் தடுப்பது, பேட்டரியை எப்படி மேம்படுத்துவது என்பதெல்லாம் அங்கே அன்றாட வேலை. நம்மில் பாதிப் பேருக்கு அது பஸ் நிற்கும் ஒரு ஸ்டாப்பிங். இந்த ஆறு பேருக்கும் அந்த மதிலுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு முறிந்த கம்பி சொல்லிவிட்டது. செக்ரியின் தாய் அமைப்பான சிஎஸ்ஐஆரின் நிறுவன நாள் செப்டம்பர் 26. அதை ஒட்டி அதன் ஆய்வகங்கள் மாணவர்களை உள்ளே விடுவது வழக்கம். இந்த முறை போகும்போது கேட்க அவர்களிடம் கேள்வி இருக்கிறது.

கணிதப் பேராசிரியர் செய்மூர் பேப்பர்ட் இப்படிக் கற்பதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். குழந்தைகள் கணினிக்குக் கட்டளை எழுத 'லோகோ' மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர். மற்றவர்கள் பார்த்துக் குறை சொல்லக்கூடிய ஒரு பொருளை வெளியே கட்டும்போதுதான் தலைக்குள்ளும் அறிவு நன்றாகக் கட்டப்படுகிறது என்பது அவர் கருத்து. குறை சொல்லக்கூடிய என்பதை நான் அடிக்கோடிடுவேன். நோட்டில் எழுதிய விடையை வாத்தியார் மட்டும் பார்ப்பார். தொட்டிக் கருவியைத் தெருவே பார்க்கும்.

சாவி யார் கையில்?

'இளைஞர்கள் நடத்தும்' என்ற அடைமொழிக்கு வருகிறேன். நான் படித்த பள்ளியில் ஒரு நுண்ணோக்கி இருந்தது. கண்ணாடி பீரோவுக்குள். ஐந்து வருடத்தில் அதை இரண்டு முறை வெளியே எடுத்தார்கள், இரண்டு முறையும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு. உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். அந்த ஆசிரியரையும் குறை சொல்ல மாட்டேன், ஸ்டாக் ரிஜிஸ்டர் அவர் தலையில் இருந்தது.

2016இலிருந்து நிதி ஆயோக், அடல் டிங்கரிங் லேப் என்ற பெயரில் பள்ளிகளுக்கு ஆய்வகம் அமைக்க 20 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை. ஆர்டுயினோ, சென்சார், 3டி பிரிண்டர் எல்லாம் வந்து இறங்கும். நல்ல திட்டம். நன்றாக நடக்கும் இடங்களும் உண்டு. ஆனால் சாயங்காலம் நாலரைக்குப் பள்ளியைப் பூட்டினால் லேபும் பூட்டிக்கொள்ளும். பாலிடெக்னிக் பையன் உள்ளே வர முடியாது, பள்ளியை விட்டு நின்றவன் வாசலில்கூட நிற்க முடியாது.

செட்டிநாட்டில் சாவியைப் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனை பெரிய வீடுகள், கை நீளச் சாவியோடு, வருடம் முழுக்கப் பூட்டியே கிடக்கின்றன! பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறப்பு. இந்தக் கொட்டகையும் அப்படித்தான் கிடந்தது. வீட்டு ஆச்சி சாவியைக் கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: "இருட்டுனதும் பூட்டிப்புட்டு யாராச்சும் ஒருத்தர் வந்து சாவியை எங்கிட்டக் குடுக்கணும். தெனம் ஒரே ஆள் வரப்படாது." அந்த இரண்டாவது வாக்கியத்தை ஆச்சி எதற்காகச் சொன்னார்களோ தெரியாது. பொறுப்பு முறை வைத்துச் சுற்றிவருவதற்கு அதைவிட நல்ல விதியை எந்தக் கையேட்டிலும் நான் பார்க்கவில்லை.

இளைஞர்களே நடத்தினால் என்ன ஆகும்? கொஞ்சம் குளறுபடி ஆகும். முதல் மாதம் மூன்று திருப்புளி காணாமல் போயின. பிறகு அவர்களே ஒரு சிட்டை போட்டார்கள்: யார், என்ன எடுத்தார், எப்போது கொண்டுவந்தார். பிரிண்டரை யார் எத்தனை மணிக்கு ஓட்டுவது என்பதில் ஒரு சண்டை. அதற்கு ஒரு பலகை. வாத்தியார் போட்ட விதியை மீறுவதில் ஒரு சுகம் இருக்கிறது. தானே போட்ட விதியை மீற அவ்வளவு சுலபத்தில் மனசு வராது. இன்னொன்று, பதினேழு வயதுக்காரிக்குப் பதினான்கு வயதுக்காரன் கேட்கிற கேள்வி சுலபமாகப் புரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் அவளும் அங்கேதான் முட்டிக்கொண்டு நின்றாள். என்னைப் போன்றவர்கள் முப்பது வருடப் பழக்கத்தில், எது புரியாது என்பதையே மறந்துவிட்டோம்.

இது சின்ன ஊர் விளையாட்டு இல்லை. சென்னை ஐஐடியில் 2008இல் தொடங்கிய 'சென்டர் ஃபார் இன்னோவேஷன்' என்ற பட்டறையையும் மாணவர்கள்தான் நடத்துகிறார்கள். 2019இல் அமெரிக்காவில் ஸ்பேஸ்எக்ஸ் நடத்திய ஹைப்பர்லூப் (குழாய்க்குள் அதிவேகமாகப் போகும் வண்டி) போட்டியின் இறுதிச் சுற்றுக்குப் போன 'ஆவிஷ்கார்' அணி அங்கிருந்து வந்ததுதான்.

பெரியவர்களுக்கு வேலை இல்லையா? இருக்கிறது, இரண்டு. மெயின் லைனில் கை வைக்கும்போது பக்கத்தில் நிற்பது. கேட்டால் மட்டும் சொல்வது. இரண்டாவது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

ஆத்தங்குடியிலிருந்து ஒரு பாடம்

இயந்திர மோகம் ஒருமுறை நன்றாக அடிபட்டது. ஒரு பழைய வீட்டில் பட்டாலைத் தரையில் நாலைந்து ஆத்தங்குடிக் கற்கள் உடைந்திருந்தன. அந்தப் பூ வேலைக்கு இப்போது அச்சு இல்லை. "நாங்க 3டி பிரிண்ட்ல அச்சு அடிச்சுத் தர்றோம்" என்று பிள்ளைகள் கிளம்பினார்கள்.

ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ உலோக அச்சை இறக்கி, அறை அறையாக நிறம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை நேராக மேலே தூக்குகிறார்கள். பின்னால் உலர்ந்த மணல்-சிமென்ட்டைத் தூவி, அதன் மேல் ஈரக் கலவையைப் போட்டுக் கரணையால் மட்டம் தட்டுகிறார்கள். கல் இறுகித் தண்ணீரில் ஊறிப் பதமானதும் கண்ணாடியிலிருந்து வந்துவிடுகிறது. அந்தப் பளபளப்பு எந்த மெருகாலும் வந்ததில்லை, கண்ணாடியின் முகம் அப்படியே கல்லில் பதிந்தது.

பிரிண்டர் நான்கு மணி நேரம் ஓடி அழகான அச்சு ஒன்றைத் தந்தது. கல் போடுகிற மாஸ்டர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செவுரு தடிமனா இருக்கே தம்பி. தூக்குனா நடுவுல பள்ளம் விழும், கலரு ஓடிரும்." உலோகத் தகடு மெல்லிசு. அதைத் தூக்கினால் இரண்டு நிறமும் சட்டென்று வந்து தொட்டுக்கொள்ளும், கோடு கோடாகவே நிற்கும். பிளாஸ்டிக் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கு மேல். தூக்கியதும் அந்த இடைவெளியில் சிவப்பும் பச்சையும் கலந்து ஒரு சேறு. ஒன்று போட்டே காட்டினார். அவர் சொன்னபடியே ஆனது.

அந்த அச்சை அப்படியே காரின் டேஷ்போர்டில் போட்டுவிட்டு வந்துவிட்டான் ஒருவன். கத்திரி வெயில். மறுநாள் அது அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. சோள மாவுச்சத்திலிருந்து செய்கிற பிஎல்ஏ என்ற அந்த இழை 60 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். பூட்டிய கார் டேஷ்போர்டு நம் ஊர் வெயிலில் அதைத் தாண்டிவிடும். ஏபிஎஸ் என்ற இழையானால் 100 டிகிரிக்கு மேலும் தாங்கும், ஆனால் அச்சடிப்பது சிரமம், நாற்றமும் அடிக்கும். எந்தப் பொருள் எந்த வெப்பத்துக்கு என்பதை அவர்கள் மறக்கப்போவதில்லை. கடைசியில் பிரிண்டரில் அச்சடித்தது, மாஸ்டர் தகட்டை வளைப்பதற்கு வைத்துக்கொள்ள ஒரு மாதிரி மட்டும். அது நன்றாக வேலை செய்தது.

ஆரம்பிக்க நினைத்தால்

பிரிண்டரில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு மேசை, நல்ல வெளிச்சம், இரண்டு சால்டரிங் அயர்ன், இரண்டு மல்டிமீட்டர், திருப்புளி செட், குறடு, ஆக்ஸா பிளேடு, ஒரு வைஸ் போதும். பழைய இரும்புக் கடையில் உடைந்த பிரிண்டர், டிவிடி பிளேயர் எடைக்குக் கிடைக்கும். ஒன்றைப் பிரித்தால் மோட்டார், கியர், ஸ்பிரிங், லென்ஸ் எல்லாம் உள்ளே இருக்கும். பிரிப்பதே முதல் பாடம்.

ஊர் நம்பிக்கையைச் சம்பாதிக்க ரிப்பேர்தான் குறுக்குவழி. ஆம்ஸ்டர்டாமில் 2009இல் மார்ட்டினே போஸ்ட்மா என்ற பெண்மணி 'ரிப்பேர் கஃபே' என்று தொடங்கினார். கெட்டுப்போன சாமானைக் கொண்டுவந்தால் தன்னார்வலர்களோடு உட்கார்ந்து சரிசெய்துகொண்டு போகலாம். இங்கே சனிக்கிழமை சாயங்காலம் அதையே செய்கிறார்கள். எமர்ஜென்சி லைட்டும் டேபிள் ஃபேனும்தான் அதிகம் வருகின்றன. கொண்டுவந்தவரும் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது விதி. வைத்துவிட்டுப் போனால் அது கடை ஆகிவிடும்.

பணம்தான் பல பட்டறைகளைச் சாய்க்கிறது. அமெரிக்காவில் பல ஊர்களில் கிளை வைத்திருந்த டெக்‌ஷாப், 2006இல் தொடங்கி 2017இல் கடன் தாங்காமல் மூடிக்கொண்டது. இயந்திரம் வாங்குவது ஒருமுறைச் செலவு, வாடகையும் கரண்டும் மாதாமாதம். வாடகை இல்லாத இடம் கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இங்கே கரண்ட் பில்லுக்கு மொய் நோட்டு மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். 'பழைய டிரில் மெஷின் ஒன்று', 'செம்புக் கம்பி அரைக் கிலோ' என்று பொருளாக வந்த மொய்தான் அதிகம். அந்த அரைக் கிலோ என் அப்பா கடைக் கம்பிதான்.

பாதுகாப்பில் மட்டும் விளையாட்டு கூடாது. போர்டில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்சிசிபி சுவிட்ச் கட்டாயம். 230 வோல்ட் யாருக்கும் வயது பார்ப்பதில்லை. டிரில் அருகே துப்பட்டாவும் அவிழ்ந்த தலைமுடியும் ஆகாது, கண்ணாடி போட வேண்டும். சால்டரிங் புகையை மூக்கில் இழுக்காமல் ஒரு சின்ன ஃபேன். ஈயம் கலந்த கம்பியானால் வேலை முடிந்து கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் முறுக்கைத் தொட வேண்டும். பழைய டியூப் டிவியையும் மைக்ரோவேவ் அடுப்பையும் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தேங்கியிருக்கும். உப்பிய செல்போன் பேட்டரியைக் குத்தக் கூடாது. இதையெல்லாம் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். கீழே யாரோ பென்சிலில் 'முறுக்கு நம்பர் 1 விதி' என்று எழுதியிருக்கிறார்கள்.

தொட்டிக் கருவி என்ன ஆனது என்று கேட்பீர்கள். மூன்று யோசனை வந்தது. செம்புக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: அரிப்பு குறையும். நிமிடத்துக்கு அரை நொடி மட்டும் மின்சாரம் கொடுப்பது: அரிப்பு நூற்று இருபதில் ஒரு பங்காகும், ஆனால் அதற்கு ஆர்டுயினோ வேண்டும். தண்ணீருக்குள் உலோகமே வேண்டாம் என்பது மூன்றாவது: ஒரு மிதவை, அதில் ஒரு காந்தம், குழாய்க்குள் அடைத்த ரீட் சுவிட்ச், காந்தம் பக்கத்தில் வந்தால் சுவிட்சுக்குள் இருக்கும் இரண்டு தகடுகள் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்காரம்மாவின் செம்புக் கேள்விக்குப் பிறகு மூன்றாவதைத்தான் எடுத்தார்கள். தண்ணீர்ப் பக்கம் ஒரு குறையும் இல்லை. ஆனால் போன வாரம் மாடியிலிருந்து இறங்கும் ஒயரை அணில் கடித்துவிட்டது. குழாய்க்குள் விடுவதா, மிளகாய்ப்பொடி கலந்து ஒயருக்கு மேல் பூசுவதா என்று வரும் சனிக்கிழமை பேச்சு. ஆச்சி மிளகாய்ப்பொடி கட்சி.